கூந்தல் உதிர்வும் உணவுச் சத்தும்

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில், மகாராஷ்டிர மாநிலம் புல்டாணா மாவட்டத்தில், ஷேகாவ் தாலுகாவைச் சேர்ந்த சில கிராமங்களில் ஒரு விந்தையான நோய் தோன்றியது. முதலில் தலையில் அரிப்பு. பின்னர் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. சில நாள்களுக்குள் தலை வழுக்கையாயிற்று. ஆடவர், பெண்டிர், பள்ளிச் சிறார் என்ற வேறுபாடின்றி இருநூற்றுக்கு மேற்பட்டோர் இதற்கு ஆளாயினர். வெளியே தலைகாட்ட நாணி, எஞ்சிய முடியையும் மழித்துக்கொண்டவர்கள் உண்டு. கிணற்று நீர் காரணமோ, தோலில் பற்றும் பூஞ்சை காரணமோ என்று முதலில் ஐயுற்றனர். அக்கிராமங்களுக்கு நாம் மீண்டும் வருவோம். அதற்கு முன், முடி எவ்வாறு வளர்கிறது, உணவிலுள்ள சத்துகளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதைச் சிறிது ஆராய்வது நலம்.

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மயிர்க்கால் என்னும் சிறு குழியிலிருந்து முளைக்கிறது. மயிர்க்காலுக்கு உழைக்கும் பருவமும் உண்டு. உறங்கும் பருவமும் உண்டு. 2 முதல் 6 ஆண்டுகள் வரை, மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வீதம் முடியை வளர்த்து, பிறகு இரண்டு மூன்று வாரங்களில் தன் வேலையைச் சுருக்கிக்கொண்டு, சுமார் மூன்று மாதம் அது ஓய்வு கொள்ளும். அந்த ஓய்வின் முடிவில் பழைய முடி உதிரப் புதிய முடி தலைநீட்டும். ஆகவே, நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை சீப்போடு வருவது இயல்பே.

மயிர்க்காலின் உயிரணுக்கள் உடலிலேயே மிக விரைவாகப் பெருகுபவற்றைச் சேர்ந்தவை. அவற்றுக்கு உணவு மிகுதியாக வேண்டும். ஆனால் கூந்தல் இன்றியும் உயிர் வாழலாம் என்பதை உடல் நன்கறியும். கடுங்காய்ச்சல், பிரசவம், பட்டினி போன்ற நெருக்கடிகளில், இருக்கும் பொருளை முதலில் இதயத்திற்கும் மூளைக்கும் இரத்தத்திற்கும் பங்கிட்டுவிட்டு, கூந்தலைக் கடைசி வரிசையில் நிறுத்திவிடுகிறது. மயிர்க்கால்கள் பல ஒரே காலத்தில் உறங்கச் செல்கின்றன. அதன் விளைவு உடனே தெரிவதில்லை. சித்திரையில் கண்ட காய்ச்சலுக்கு ஆடியில் முடி கொட்டும். இந்த இடைவெளியை அறியாதவர்கள் நேற்று மாற்றிய எண்ணெயையோ, புதிதாகக் குடிவந்த ஊரின் தண்ணீரையோ குறை கூறுகிறார்கள். தலைநகரில் அத்தகைய புலம்பலை நாம் அடிக்கடி கேட்கிறோம்.

இனி, சத்துகளுள் முதலாவதாகக் கருதத்தக்கது இரும்பு. 2019-21-இல் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். எல்லா இரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதன்று. எனினும் பெரும்பங்கு அதனால்தான். இரத்தம் சோகையுறுவதற்கு முன்பே உடலின் சேமிப்பு இரும்பு வற்றத் தொடங்கிவிடுகிறது. அச்சேமிப்பை ‘ஃபெரிட்டின்’ என்னும் புரதத்தின் அளவைக் கொண்டு இரத்தப் பரிசோதனையில் அறியலாம். எந்த அளவுக்குக் குறைந்தால் முடி உதிரும் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் குறை காணப்பட்டால் அதை நிரப்பியே ஆகவேண்டும். கூந்தலுக்காக மட்டுமன்று, மாடிப்படி ஏறும்போது வாங்கும் மூச்சுக்காகவும்தான். கம்பு, பயறு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. உணவோடு எலுமிச்சையோ நெல்லிக்கனியோ சேர்ந்தால் ஏற்கும் அளவு கூடும். சாப்பிட்ட கையோடு தேநீர் அருந்தினால் குறையும். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதை உண்டு, மேலே ஒரு குவளைத் தேநீரும் பருகும் தாய்மார்களைப் பற்றி நாம் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

துத்தநாகத்தின் கதை சுவையானது. பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்னும் மருத்துவர் ஈரானில் பணியாற்றியபோது, இருபது வயதாகியும் சிறுவர் போன்ற தோற்றமும், முகத்திலும் உடலிலும் முடியின்மையும் கொண்ட இளைஞர்களைக் கண்டார். புளிக்க வைக்காத கோதுமை ரொட்டியே அவர்களின் முக்கிய உணவு. தானியத்தின் தவிட்டிலுள்ள ‘ஃபைட்டேட்’ என்னும் பொருள் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. 1961-இல் அவர் வெளியிட்ட கட்டுரையும், எகிப்தில் தொடர்ந்த ஆராய்ச்சியும், மனிதருக்குத் துத்தநாகம் இன்றியமையாதது என்று காட்டின. பயற்றை முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் ஃபைட்டேட்டைக் குறைக்கும் வழிகள்.

டி வைட்டமினும் பி-12 வைட்டமினும் நம் நாட்டில் பலருக்குக் குறைவாக உள்ளன. ஆனால் முடி உதிர்வில் அவற்றின் பங்கு இன்னும் உறுதிப்படவில்லை. கடைகளில் கூந்தலுக்கென்றே விற்கப்படும் பயோட்டின் மாத்திரையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகக் கூறவேண்டும். நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும். சாதாரண உணவிலேயே அது கிடைத்துவிடுகிறது. குறைபாடு மிக அரிது. மாத்திரையிலோ 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று அடைத்து விற்கிறார்கள். மிகுதியான பயோட்டின் சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவைப் பிறழச் செய்யும் என்று 2017-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. தைராய்டு பரிசோதனையும் அவற்றுள் ஒன்று. முடி உதிர்வதற்குத் தைராய்டு கோளாறே ஒரு காரணம் என்பதை எண்ணிப் பார்த்தால், முடிக்காக உண்ட மாத்திரை உண்மைக் காரணத்தையே மறைத்துவிடக்கூடும் என்பது விளங்கும். பரம்பரை வழுக்கைக்கு இத்தகைய மாத்திரைகளால் பயன் இல்லை.

இப்பொழுது புல்டாணாவுக்குத் திரும்புவோம். சத்துக் குறைவால் உதிரும் முடி மாதக் கணக்கில் மெல்ல உதிரும். தலை முழுதும் அடர்த்தி குறையும். அக்கிராமங்களிலோ சில நாள்களில் வழுக்கை விழுந்தது. ஒரே ஊரில் பலருக்கு இவ்வளவு விரைவில் முடி கொட்டினால், குறைவை அன்று, மிகையை, அதாவது நஞ்சை, ஐயுற வேண்டும். மகாராஷ்டிரத்தில் தேள்கடி மருத்துவத்திற்குப் பெயர்பெற்ற டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், நோயாளிகளின் இரத்தத்தையும் அவர்கள் உண்ட கோதுமையையும் சோதிக்கச் செய்தார். செலீனியம் என்னும் தாதுப்பொருள் இரண்டிலும் அளவுக்கு மீறி இருந்ததென்றும், நியாயவிலைக் கடைக் கோதுமையே காரணமென்றும் 2025 பிப்ரவரியில் தெரிவித்தார். அதே ஆண்டு ஏப்ரலில் அக்கிராமங்களில் சிலருக்கு நகங்களும் கழன்றன. செலீனியம் மிகுந்தால் முடியும் நகமும் பாதிக்கப்படும் என்பது மருத்துவ நூல்கள் கூறுவதே.

இந்தச் செலீனியமும் உடலுக்கு வேண்டிய சத்துதான். ஆனால் நாளொன்றுக்கு 40 முதல் 55 மைக்ரோகிராம் அளவிலேயே வேண்டும். ஏ வைட்டமினும் இத்தகையதே. மிகுந்தால் முடியை உதிர்க்கும். கூந்தல் மாத்திரைகள் பலவற்றில் இவ்விரண்டும் சேர்ந்திருக்கின்றன. 2008-இல் அமெரிக்காவில் விற்கப்பட்ட ஒரு சத்து நீர்மத்தில், குறிப்பிட்ட அளவைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு செலீனியம் தவறுதலாகக் கலந்துவிட்டது. உடல் நலம் வேண்டி அதைப் பருகிய சுமார் இருநூறு பேர் நோயுற்றனர்; அவர்களுள் பெரும்பாலோர்க்கு முடி கொட்டிற்று.