குச்சியும் குழந்தையும்

சென்ற விடுமுறையில் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தோம். கூடத்துச் சுவரில் ஒரு தேசப்படம் பக்கவாட்டில் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் செருகியிருந்த மரக்குச்சி முறிந்துபோயிருந்தது. நண்பரின் புதல்வன் எட்டாம் வகுப்பு மாணவன். க்ஷேத்திர கணிதத்தில் 100க்கு 98 மார்க்கு வாங்கியவன். அவனிடம் ஒரு புதுக் குச்சியையும் சிறு ரம்பத்தையும் கொடுத்து, "60 சென்டிமீட்டர் அளந்து அறுத்துத் தா, தம்பி" என்றோம். பையன் ரம்பத்தைப் பாம்பைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நம் முகத்தைப் பார்த்தான்.

"ஸார், இது ஆசாரி வேலையல்லவா?" என்று கேட்டான்.

நண்பர் உரக்கச் சிரித்தார். "அவன் சொல்வது சரிதானே? நாளைக்கு ஓர் ஆசாரியைக் கூப்பிட்டால் போகிறது. அவன் படிக்கட்டும், விடுங்கள்" என்றார்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், அந்தப் பையன் நம்மிடமே கணிதம் பயில்பவன். நம் பள்ளிக்கூடத்து அட்டவணையில் வாரத்திற்கு ஒரு பீரியட் 'கைத்தொழில்' என்று எழுதியிருக்கிறது. பரீட்சை நெருங்குகிறது என்று சொல்லி, இரண்டு வருஷங்களாக அந்தப் பீரியடை வாங்கிக் கணக்குப் போட்டவர் வேறு யாருமல்லர், நாமேதாம். ரம்பத்தைக் கண்டு அந்தப் பையன் மருண்டதில் நமக்கும் பங்கு உண்டு. அந்தக் கடனைத் தீர்க்கும் முயற்சியாக, ஒரு மாத காலம் அவனுடனும் அவன் தங்கையுடனும் சேர்ந்து நாம் செய்து பார்த்தவற்றை இங்கே எழுதுகிறோம். எல்லாம் சாதாரண மரக்குச்சியைக் கொண்டு செய்தவை.

குச்சி என்றால் அற்பப் பொருள் என்று எண்ணவேண்டாம். நம் மொழியில் 'கோல்' என்னும் சொல் எத்தனை இடங்களில் வந்து நிற்கிறது, பாருங்கள்! எழுதுவது எழுதுகோல், அளப்பது அளவுகோல், நிறுப்பது துலாக்கோல், முதுமையில் தாங்குவது ஊன்றுகோல், அரசன் கையில் இருந்தால் அதுவே செங்கோல். பெண் குழந்தைகள் கையில் வந்தால் கோலாட்டம்.

குச்சி வாங்கும் விதம்

மரக்கடையிலோ கடைசல் பட்டறையிலோ உருண்டையாகக் கடைந்த குச்சிகள் கிடைக்கும். வீட்டு வேலைகளுக்கு 6 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் என்று இரண்டு கனத்தில் வாங்கினால் போதும். தேக்குதான் வேண்டுமென்பதில்லை. கடைந்த குச்சி கிடைக்காத ஊரில் மூங்கிலைச் சீவிக்கொள்ளலாம்.

பையனை அழைத்துக்கொண்டு நாம் ஒரு கடைசல் பட்டறைக்குப் போனோம். நாம் பார்த்து எடுத்து வைத்த குச்சிகளில் மூன்றை அங்கிருந்த முதிய ஆசாரி ஒதுக்கித் தள்ளிவிட்டார். "ஐயா, இதிலே இழை குறுக்கே ஓடுது. கொஞ்சம் அழுத்தினா முறிஞ்சிடும்" என்றார். பிறகு ஒவ்வொரு குச்சியையும் சமதரையில் உருட்டிக் காண்பித்தார். நேரான குச்சி ஓசையின்றி உருண்டது. கோணற் குச்சி தத்தித் தத்திப் போயிற்று. ஸர்வகலாசாலைப் பட்டம் பெற்று இருபது வருஷம் ஆகியும், மரத்தில் இழை எப்பக்கம் ஓடுகிறதென்று நாம் ஒருநாளும் பார்த்ததில்லை. பையன் நம்மையும் ஆசாரியையும் மாறி மாறிப் பார்த்தான். 'ஆசாரி வேலை' என்ற சொல்லை அதற்குப் பின் அவன் வேறு தொனியில் சொன்னான்.

வேண்டிய கருவிகள் அதிகமில்லை: நுண்ணிய பல்லுள்ள சிறு ரம்பம், உப்புத்தாள், அளவுகோல், பென்சில், சணல் கயிறு, மரப்பசை. ரம்பம் பிடிக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டியது அவசியம். குச்சியைச் சுற்றி நேர்கோடு போடுவதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. நேரான விளிம்புள்ள காகிதத் துண்டை அளந்த இடத்தில் குச்சியின்மேல் சுற்றுங்கள். விளிம்போடு விளிம்பு பொருந்தியதும் அதை ஒட்டிப் பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் வழியே அறுத்தால் முனை சாயாது. அறுத்த முனைகளை உப்புத்தாளால் தேய்த்த பின்பே குழந்தைகள் கையில் கொடுக்கவேண்டும்; இல்லாவிட்டால் சிராய் ஏறும்.

எண்ணைக் கையில் பிடிக்கலாம்

முதற் காரியம் தங்கைக்காக. அவளுக்கு வயது ஐந்து. இத்தாலிய தேசத்து மாதரசியாகிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தம் மூண்டிருந்தபடியால் 1946 வரையில் இந்தியாவிலேயே தங்கும்படி நேர்ந்தது. அவருடைய முறையில் எண்களைக் கற்பிக்கப் பத்துக் கோல்கள் உண்டு. முதற் கோலின் நீளம் 10 சென்டிமீட்டர், அடுத்தது 20, இப்படியே வளர்ந்து பத்தாவது 100 சென்டிமீட்டர். ஒவ்வொரு பத்துச் சென்டிமீட்டருக்கும் சிவப்பும் நீலமும் மாறி மாறி வர்ணம் தீட்டியிருக்கும். அவருடையவை சதுரக் கோல்கள். நாம் 12 மில்லிமீட்டர் உருண்டைக் குச்சிகளிலேயே செய்து பாயின்மேல் பரப்பிக்கொண்டோம்.

எத்தனை குச்சி வாங்கவேண்டும் என்பதே பையனுக்கு முதற் கணக்கு. பத்துக் கோல்களின் மொத்த நீளம் 550 சென்டிமீட்டர். "90உம் 10உம் ஒரு குச்சியில், 80உம் 20உம் ஒன்றில், 70உம் 30உம், 60உம் 40உம், 100 தனியாக, 50 மட்டும் ஆறாவது குச்சியில்" என்று அவன் கணக்காய்ச் சொன்னான். ஒரு மீட்டர்க் குச்சிகள் ஆறு வாங்கினோம். 90இல் ரம்பத்தை ஓட்டி முடித்து மீதியை அளந்தபோது, 10 சென்டிமீட்டர் இருக்கவேண்டிய துண்டு ஒரு மில்லிமீட்டர் குறைவாக இருந்தது!

பையன் திகைத்துப் போனான். தரையைக் காட்டினோம். அங்கே ஒரு சிட்டிகை மரத்தூள் கிடந்தது. புத்தகத்தில் 90உம் 10உம் சேர்ந்தால் 100. மரத்திலோ ரம்பத்திற்கும் ஒரு பங்கு கொடுத்தாகவேண்டும். ஆகையால் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு குச்சியையும் இரண்டு விரற்கடை கூடுதலாக வாங்குவது நலம்.

கோல்கள் தயாரானதும் தங்கை அவற்றைப் படிக்கட்டுபோல் அடுக்கினாள். ஒன்பதின் பக்கத்தில் ஒன்றையும், எட்டின் பக்கத்தில் இரண்டையும் வைத்து எல்லாம் பத்துக்குச் சமமாவதைத் தானே கண்டுகொண்டாள். ஐந்துக்கு மட்டும் ஜோடி கிடைக்கவில்லை. "இதுக்குத் துணை இல்லையே, மாமா!" என்று வருத்தப்பட்டாள்.

பட்டாணியும் முக்கோணமும்

இரண்டாவது காரியத்திற்கு ரம்பம்கூட வேண்டியதில்லை. ஜெர்மன் கல்வியாளர் பிரெடரிக் பிரீபெல், 1840இல் தம் குழந்தைப் பள்ளிக்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்டவர். அவர் வகுத்த விளையாட்டுகளில் ஒன்று, ஊறவைத்த பட்டாணியில் மெல்லிய குச்சிகளைச் செருகி உருவங்கள் செய்வது. பட்டாணி காயும்போது சுருங்கிக் குச்சியை இறுகப் பற்றிக்கொள்ளும். நம் வீடுகளில் ஈர்க்குச்சிக்கும் கொண்டைக் கடலைக்கும் பஞ்சமில்லை.

நான்கு குச்சிகளால் ஒரு சதுரம் செய்து மூலையில் அழுத்தினால் அது சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் செய்த முக்கோணமோ எப்பக்கம் அழுத்தினாலும் அசையாது. சதுரத்தின் குறுக்கே ஒரு குச்சி கொடுங்கள், அதுவும் நின்றுவிடும். பன்னிரண்டு குச்சிகளால் ஆன கனசதுரம் ஆடும். ஆறு முகங்களிலும் குறுக்கே ஒவ்வொன்று சேர்த்துப் பதினெட்டு ஆக்கினால் அசையாது. கூரையின் கைமரங்களும் ரயில் பாலத்தின் இரும்புச் சட்டங்களும் ஏன் முக்கோணமாக இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

1899இல் அமெரிக்காவில் ஒரு நாலு வயதுக் குழந்தைக்கு இதே விளையாட்டைக் கொடுத்தார்கள். அக்குழந்தைக்குக் கண்பார்வை மிகவும் மங்கல். அப்போது மூக்குக் கண்ணாடியும் கிடையாது. மற்றக் குழந்தைகள் தாம் கண்ட வீடுகளைப்போல் சதுரம் சதுரமாகக் கட்டினார்கள். வீட்டின் வடிவத்தைச் சரியாகக் கண்டறியாத இக்குழந்தை, எது உறுதியாக நிற்கிறதென்று விரலாலேயே தடவிப் பார்த்து, முக்கோணங்களாகவே கட்டிற்று. ஆசிரியை வியந்து மற்றோர் ஆசிரியையையும் அழைத்துக் காண்பித்தாராம். இதைப் பிற்காலத்தில் சொன்னவர் அந்தக் குழந்தையேதான்: பெயர் பக்மின்ஸ்டர் புல்லர். அந்த முக்கோணக் கட்டுமானத்திற்கு 1961இல் அவர் காப்புரிமை பெற்றார். 1967இல் மான்ட்ரியல் பொருட்காட்சியில் முக்கோணங்களை இணைத்து அவர் எழுப்பிய கோள மண்டபத்தின் குறுக்களவு 76 மீட்டர்.

கண்ணால் கற்க இயலாததைக் கையால் கற்கும் குழந்தைகள் நம் வகுப்புகளிலும் இருக்கிறார்கள். அவர்களை நாம் 'மந்தம்' என்று கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறோமோ என்ற அச்சம் இதை எழுதும்போது நமக்கு உண்டாகிறது.

நிழலைப் பிடிக்கும் கோல்

மூன்றாவது காரியம் மொட்டை மாடியில். மணல் நிரம்பிய பூந்தொட்டியில், மணலுக்கு மேல் சரியாக ஒரு மீட்டர் இருக்கும்படி ஒரு கோலை நட்டோம். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அதன் நிமிர்வைச் சரிபார்த்தோம். பிறகு தொட்டியின் விளிம்பு வரையில் தரைமட்டத்தைப் பலகைகளால் உயர்த்தி, நிழலின் நுனியைச் சாக்குக்கட்டியால் குறித்துக்கொண்டே வந்தோம். கடிகாரம் 12 அடிப்பதை நம்பவேண்டாம். நிழல் மிகக் குறுகும் நேரமே உண்மையான நண்பகல். அப்போது நிழல் கிடக்கும் கோடே வடக்கு தெற்குக் கோடு. சங்க நூலாகிய நெடுநல்வாடையில், அரண்மனை எழுப்புமுன் இரண்டு கோல்களை நட்டு நிழல் பார்த்துத் திசை குறித்த செய்தி வருகிறது.

சென்னையில் மார்ச்சு 21ஐ ஒட்டிய நாட்களில் ஒரு மீட்டர்க் கோலின் நண்பகல் நிழல் ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். டிசம்பர் 22ஐ ஒட்டி 74 சென்டிமீட்டர். இரண்டும் வடக்கே விழும். ஜூன் 21ஐ ஒட்டியோ 18 சென்டிமீட்டர் நிழல் தெற்கே விழும்! இடையில் ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய நாட்களை ஒட்டி நண்பகலில் நிழலே இராது. சூரியன் வடக்கும் தெற்கும் நகர்வதைப் பூகோளப் புத்தகத்தில் படித்து மறந்த பிள்ளை, தான் நட்ட கோலின் நிழல் திசை மாறுவதைக் கண்டால் மறக்கமாட்டான்.

அழிக்க முடியாத பிழை

"இதற்கெல்லாம் நேரம் ஏது? பரீட்சை இருக்கிறதே!" என்று தாய்மார்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. நாமும் அப்படிக் கேட்டவர்தாம். ஆனால் அதே வீட்டில் பிள்ளையின் கையில் கைபேசி எத்தனை நாழிகை இருக்கிறதென்று கணக்குப் பார்த்தால் நேரம் கிடைத்துவிடும். 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் காந்தியடிகள் வற்புறுத்தியதும் இதுவே: கைத்தொழில் படிப்புக்கு நடுவே வரும் பொழுதுபோக்கு அன்று, மற்றப் பாடங்களையும் அதன் வழியாகவே கற்பிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆதாரக் கல்வி என்று நாம் பெயர் மட்டும் நினைவில் வைத்திருப்பது அதைத்தான்.

பையன் கடைசியாகத் தேசப்படத்தின் குச்சியை அறுத்தான். அளந்து பார்த்துவிட்டு முகம் சிறுத்துப் போயிற்று.

"ஸார், 3 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது. இதை அழித்து மறுபடி போட முடியாதே!"

"முடியாதுதான், தம்பி. வேறு குச்சி எடுத்துக்கொள்" என்றோம்.

பரீட்சைத் தாளில் அடித்துத் திருத்தலாம். அரை மார்க்காவது விழும். மரத்தில் அந்தச் சலுகை இல்லை. அறுக்குமுன் இரண்டு தடவை அளக்கவேண்டும் என்பதை நாம் எத்தனை ஆண்டு கத்தியும் கற்பிக்கவில்லை. ஒரு குச்சி கற்பித்துவிட்டது. இரண்டாவது குச்சியை அவன் மூன்று தடவை அளந்தான். தேசப்படம் இப்போது நேராகத் தொங்குகிறது. நண்பர் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, "நம் பையன் செய்தது" என்கிறார்; ஆசாரியைப் பற்றிய பேச்சே இல்லை.

எண்கோல்கள் அறுத்ததில் ஆறாவது குச்சியில் பாதி மிஞ்சியிருந்தது. பையன் அதை இரண்டாக அறுத்து, உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, தங்கைக்குக் கோலாட்டக் கோல் ஜோடியாகக் கொடுத்தான். துணை இல்லாத ஐந்துக்காக வருந்தியவளுக்கு இது மெத்த திருப்தி.

பள்ளிக்கூடம் திறந்ததும் நாம் செய்த முதல் காரியம், கைத்தொழில் பீரியடைத் திருப்பிக் கொடுத்தது. கணக்கில் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்களோ என்ற கவலை நமக்கு இப்போது இல்லை.