போர்க்வார்டு கம்பெனியின் முடிவு

ஒரு கம்பெனி திவாலாயிற்று என்றால், கடன் கொடுத்தவர்களுக்கு ரூபாய்க்கு நாலணாவாவது தேறுமா என்று கேட்பது உலக வழக்கம். ஜெர்மனியில் ப்ரேமன் நகரத்தில் 1961-ம் வருஷம் திவாலான போர்க்வார்டு மோட்டார் கம்பெனியின் விஷயமோ விசித்திரமானது. சொத்துக்களை விற்றுக் கணக்குத் தீர்த்தபோது கடன் கொடுத்தவர்களுக்கு அநேகமாக முழுப் பணமும் கிடைத்துவிட்டது. பின் அதை ஏன் மூடினார்கள்?

ஆல்டோனாவில் 1890-ல் ஒரு கரி வியாபாரியின் வீட்டில் பிறந்தவர் கார்ல் போர்க்வார்டு. மோட்டாருக்கு ரேடியேட்டர் செய்து கொடுத்து வந்த அவர், 1924-ல் மூன்று சக்கரச் சாமான் வண்டி ஒன்றை வெளியிட்டு முன்னுக்கு வந்தார். யுத்தத்திற்குப் பின் உருக்கு பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. கம்பெனிக்கு இவ்வளவு என்று அளந்ததால், தம் ஸ்தாபனத்தைப் போர்க்வார்டு, கோலியாத், லாய்டு என மூன்றாக்கி மூன்று பங்கு பெற்றார்! சாமர்த்தியந்தான். ஆனால் பங்கீடு ஒழிந்த பிறகும் மூன்றையும் அவர் ஒன்றாக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி வரைபடம், தனிக் கொள்முதல், தனி விற்பனை. செலவுக்குக் கேட்பானேன்?

1950-ல் வந்த லாய்டு வண்டிக்கு உருக்குக்குப் பதில் மரப்பலகையாலான உடல். மேலே செயற்கைத் தோல். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியின் பெயரையே அதற்குச் சூட்டி ஜனங்கள் பரிகசித்தார்கள், ஆனாலும் வாங்கினார்கள். 1954-ல் வந்த இஸபெல்லா இரண்டு லட்சத்துக்கு மேல் விற்றது. 1959-ல் வெளிவந்த அரபெல்லாவினுள்ளோ மழைநீர் புகுந்தது. ‘அக்வபெல்லா’ என்று கேலி பிறந்தது, நஷ்டமும் பிறந்தது.

அதே சமயம் அமெரிக்காவில் விற்பனை குறைந்தது. பணமுடை உண்டான செய்தியை 1960 டிஸம்பரில் ‘ஸ்பீகல்’ பத்திரிகை விஸ்தாரமாக வெளியிட்டது. 1961 பிப்ரவரியில், நீண்ட விவாதத்தின் முடிவில், போர்க்வார்டு தம் கம்பெனியை ப்ரேமன் சர்க்காரிடம் ஒப்படைத்தார். சர்க்கார் நியமித்த ஸெம்லர், அதே காலத்தில் போட்டிக் கம்பெனியாகிய பி.எம்.டபிள்யூ.வின் மேற்பார்வைச் சபையிலும் இருந்தார். அவர் துரோகம் செய்தார் என்று கூற ஆதாரமில்லை. எனினும் ஒரே மனிதரை இரண்டு தராசுத் தட்டிலும் உட்கார வைத்தது தகாத காரியம் என்பதே நம் அபிப்பிராயம்.

ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர். கார்ல் போர்க்வார்டு 1963 ஜூலையில் காலமானார். அவருடைய பெரிய காரைச் செய்த யந்திரங்கள் மெக்ஸிகோவுக்குப் போயின. 1967 முதல் சில வருஷம் அங்கே அந்தக் கார் மறுபடியும் உருவாயிற்று. செபால்ட்ஸ்ப்ரூக்கில் அவர் கட்டிய தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று மெர்ஸிடிஸ் கார்கள் தயாராகின்றன.