அயல் இலக்கங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே கிடக்கும் ஆழங்குறைந்த கடலின் மேலாகச் செல்லும் கைத்தொலைபேசி அலை, நேர்வழியாக ஒன்றும் நீர்மட்டத்தில் பட்டுத் தெறித்து வேறொன்றுமாகக் கோபுரத்தை அடைந்து, சில இடங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் சில இடங்களில் நலியச்செய்தும் விடுவதால், குறிகட்டுவானிலிருந்து புறப்பட்ட படகில் பேசுபவரின் குரல் ஓரிடத்தில் தெளிவாகவும் சற்று அப்பால் கரகரப்பாகவும் கேட்பதுண்டு. பொறியியலார் இத்தகைய வழியை இரைச்சல்மிகு தடம் என்பர். அதில் அனுப்பிய 0 சில வேளை 1 ஆகவும் 1 சில வேளை 0 ஆகவும் புரண்டுவிடும். இந்த 0 அல்லது 1 ஒவ்வொன்றும் ஒரு பிற்று எனப்படும்.

குரலை விநாடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 13 பிற்றுகளில் எழுதினால் விநாடிக்கு 104,000 பிற்றுகள் வேண்டும். ஏஎம்ஆர் எனப்படும் குரல்சுருக்க முறையோ 12,200 பிற்றுகளிலும், நிலைமை மோசமானால் 4,750 இலும் காரியத்தை முடித்துவிடுகிறது. இதற்குத் துணைநிற்பது காவிச் சொட்டாக்கம், அதாவது பல எண்களைத் தனித்தனியே மதிப்பிடாமல் காவி எனும் ஒரே தொகுதியாக எடுத்து, முன்பே தயாரித்த குறிநூலில் அதற்கு மிக அண்மையான தொகுதியைத் தேடி, அதன் தொடரிலக்கத்தை மட்டும் அனுப்பும் முறை. மறுமுனையிலும் அதே குறிநூல் இருக்கும். குறிநூலை மாதிரிக் குரல்களிலிருந்து படிப்படியாகத் திருத்தி உருவாக்கும் வழியை லிண்டே, புசோ, கிரே ஆகிய மூவர் 1980 இல் வெளியிட்டனர். 20 மில்லிவிநாடிக் குரல்துண்டின் ஒலிவடிவைக் குறிக்கும் 10 எண்களுக்கு 24 பிற்றுகளே போதும் என 1993 இல் குல்தீப் பாலிவாலும் பிஷ்ணு அத்தாலும் காட்டினர்.

தந்தியைக் கண்ட தலைமுறைக்கு இது முற்றிலும் புதிதன்று. 2013 இல் நிறுத்தப்பட்ட இந்தியத் தந்திச் சேவையில் வாழ்த்து வாசகங்களுக்கு இலக்கங்கள் இருந்தன. இலக்கத்தை அனுப்பினால் பெறும் அலுவலகம் முழு வாசகத்தையும் எழுதிக் கொடுக்கும். வழியில் இலக்கம் மாறினால் கலியாண வீட்டுக்குத் தீபாவளி வாழ்த்துப் போய்ச் சேரும். தவறி வருவதும் இன்னொரு கலியாண வாழ்த்தாகவே அமைந்துவிட்டால் மானம் தப்பும்.

குறிநூலில் எதைச் சேர்ப்பது என்பதைப் போலவே, எதற்கு எந்த இலக்கம் என்பதும் பெருஞ்சிக்கலானது இதனாற்றான். எண்ணும் வரிசையில் 3 க்கு அடுத்தது 4. ஆனால் பிற்றுகளில் 3 என்பது 011, 4 என்பது 100, ஆகவே ஒன்று மற்றதாக மாற மூன்று பிற்றுகளும் புரள வேண்டும். 011 இன் முதற்பிற்று மட்டும் புரண்டாலோ அது 111, அதாவது 7. தடத்தைப் பொறுத்தவரை 3 இன் அயல்வீட்டார் 1, 2, 7 ஆகியோரே. ஒலியில் ஒத்த தொகுதிகளை அவ்வீடுகளிலேயே குடியிருத்த வேண்டும். 8 தொகுதிகளுக்கு 40,320 வகையாக இலக்கமிடலாம். 16 ஆனால் அவ்வகைகள் 20 இலட்சம் கோடியைத் தாண்டுவதால் ஒவ்வொன்றாகச் சோதிப்பது கைகூடாது. 1990 இல் நரிமான் பர்வர்தின், காய்ச்சிய உலோகத்தை மெல்ல ஆறவிடுவதை ஒத்த கணிப்பை இதற்குக் கையாண்டார். அது தொடக்கத்தில் கெடுதலான இடமாற்றங்களையும் ஓரளவு ஏற்று, போகப்போகக் கண்டிப்பாகி, நல்லதோர் ஒழுங்கில் உறையும். இரைச்சலைக் கணக்கிலெடுத்து வடிவமைத்த குறிநூலில், இரைச்சல் கூடக்கூடச் சில இலக்கங்கள் ஒருபோதும் அனுப்பப்படாமல் வெறுமையாக விடப்படுவதும் உண்டு. காணி எல்லைக்கு வழக்காடிய யாழ்ப்பாணத்தாருக்கு இது வீணாகத் தோன்றினும், அவ்வெற்றிடம் பிழையைத் தாங்கும் வேலியாகிறது.

கைத்தொலைபேசி இதை மட்டும் நம்பியிருப்பதில்லை. ஜிஎஸ்எம் எனும் கைத்தொலைபேசி முறையின் முழுவேகத் தடத்தில் விநாடிக்குக் கிடைக்கும் 22,800 பிற்றுகளில் 12,200 ஐக் குரல் எடுத்தால் எஞ்சிய 10,600 பிழைகாப்புக்கு உதவும். சைகை நலிந்தால் குரல் 4,750 ஆக ஒடுங்கி, மீதியைக் காவலுக்கு விட்டுக்கொடுக்கும். காதுக்கு முக்கியமான பிற்றுகளுக்கே அக்காவலில் முதலிடம். படகு நடுக்கடலில் இருக்கையில் குரலின் நயம் குன்றினாலும் சொல் பிழைத்துவிடுகிறது. கரை நெருங்கிச் சைகை வலுக்கையில் காவல் தளர்ந்து, குரல் தன் பங்கைத் திரும்பப் பெறுகிறது.