எண்ணெய் கேனில் குடிதண்ணீர்

எங்கள் தெருவில் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். வருகிற ஒரு மணி நேரத்துக்குள் குடம், அண்டா எல்லாம் நிரம்ப வேண்டும். அதுவும் போதாமல் பழைய சமையல் எண்ணெய் கேன், ஊறுகாய் ஜாடி வரை வரிசையில் நிற்கும். உங்களில் பலர் வீட்டிலும் இதே கதைதான். புது டிரம் வாங்கக் காசுக்கு எங்கே போவது? எனவே பழைய டப்பாவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எந்த டப்பா, அதை எப்படிக் கழுவுவது என்பதே கேள்வி.

வேதியியல் பாடத்தில் குளோரின் கலப்பது பற்றிப் படிக்கிறோம். அது பரீட்சைக்கு மட்டும் உள்ள பாடம் அல்ல. தண்ணீரில் கலக்கும் குளோரின் கிருமிகளைக் கொன்றதோடு முடிந்து போவதில்லை. கொஞ்சம் மிச்சம் இருந்து வீடு வரை காவலுக்கு வருகிறது. குளோரின் கலந்த குடிநீரில் இந்த மிச்சம் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500). எவ்வளவு சின்ன அளவு பாருங்கள்! கேனுக்குள் ஒட்டியிருக்கும் உணவு மிச்சமும் அழுக்கும் அதைத் தின்று தீர்த்துவிடும். பிறகு அழுக்குக் கை பட்டுக் கிருமி விழுந்தால் கேட்க ஆள் இல்லை. குழந்தைக்குப் பேதி, அப்பாவுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம்!

ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. உணவுப் பொருள் வந்த டப்பா மட்டுமே எடுக்க வேண்டும். பெயிண்ட், பூச்சிமருந்து, மண்ணெண்ணெய், ஆசிட் கேன்கள் எத்தனை முறை கழுவினாலும் கூடாது.

2. பால், ஜூஸ் வந்த பிளாஸ்டிக் டப்பாவும் வேண்டாம். அதில் ஒட்டிய புரதமும் சர்க்கரையும் முழுசாகப் போகாது. கிருமிக்கு அதுவே சாப்பாடு. தகர டின் துருப்பிடிக்கும்.

3. எண்ணெய் கேனை வெந்நீர், சோப்பு போட்டுப் பிசுக்கும் வாடையும் போகும் வரை கழுவணும். போகவில்லையா, அதைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்துக்கொள்ளலாம்.

4. பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில், வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச்சிங் திரவம் 5 மில்லி கலந்து, உள்ளே எல்லாப் பக்கமும் படக் குலுக்கி, அரை நிமிடமாவது விட்டுக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் அலசணும்.

5. வாய் குறுகின கேன் நல்லது. டம்ளரை உள்ளே விட்டு மொள்ளாமல் சாய்த்து ஊற்றலாம்.

6. மூடி, நிழலில் வைக்கணும். திறந்து கிடந்தாலும் வெயில் பட்டாலும் குளோரின் போய்விடும். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டி, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும்.

"தண்ணி மருந்து வாடை அடிக்குதுடா" என்பார் அம்மா. "அந்த வாடைதாம்மா நமக்குக் காவல்" என்று சொல்லிப் புரிய வைத்தேன். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். வகுப்பில் கேட்டதை வீட்டில் சொல்வதும் படிப்பில் ஒரு பகுதிதான். நண்பர்களே, அடுத்த முறை தண்ணீர் பிடிக்கும் முன் கேனுக்குள் ஒரு தரம் முகர்ந்து பாருங்கள்!