வலைக்குள் கத்தரி, வெளியே வண்டு

செடி இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. இலையில் ஓட்டை இல்லை, குருத்து வாடவில்லை. கணுவுக்குக் கணு ஊதாப் பூ. பார்க்கிறவர் எல்லாம் நல்ல விளைச்சல் என்றுதான் சொல்வார்கள். குனிந்து பார்த்தால் கதை வேறு: காம்போடு பழுத்து உதிர்ந்த பூக்கள் தரையெல்லாம் கிடக்கின்றன, பிஞ்சு அங்கொன்றும் இங்கொன்றும்தான். பூச்சி வலைக் குடிலிலோ பாலிதீன் குடிலிலோ கத்தரி போட்டவர்கள் பலரும் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். உடனே உரக்கடைக்குப் போய், பூ கொட்டுகிறது, என்ன அடிக்கலாம் என்று கேட்பார்கள். அடிக்க வேண்டியது எதுவும் இல்லாமலேகூட இருக்கலாம். செடியை யாரும் ஆட்டவில்லை, அவ்வளவுதான் குறை.

கத்தரியை மூடி வளர்ப்பதற்குக் காரணம் காய்ப்புழு. லூசினோடஸ் ஆர்பொனாலிஸ் என்ற சிறு வெள்ளை அந்துப்பூச்சி இரவில் வந்து முட்டை வைக்கும். பொரிந்த புழு முதலில் குருத்தைத் துளைக்கும், பிறகு காய்க்குள் போகும். உள்ளே போய்விட்ட புழுவை எந்த மருந்தும் எளிதில் எட்டாது. அதனால்தான் கத்தரித் தோட்டத்தில் அறுவடைக்கு முதல் நாள்வரைகூட மருந்தடிக்கிறார்கள். மரபணு மாற்றிய பி.டி. கத்தரி இதற்காகத்தான் வந்தது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கோ 2, மதுரை 1 போன்ற உள்ளூர் ரகங்களில் அந்த மரபணுவை ஏற்றிப் பார்த்தது. 2010 பிப்ரவரி 9ஆம் தேதி அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். வங்கதேசம் 2014இல் தன் விவசாயிகளிடம் நாற்றைக் கொடுத்துவிட்டது. இங்கே தடை அப்படியே இருக்க, மருந்தும் வேண்டாம், மரபணுவும் வேண்டாம் என்பவருக்கு மிஞ்சிய வழி வலை.

காவிரி கடலோடு சேரும் பூம்புகார்ப் பக்கத்துக்கு மழை என்ற இன்னொரு காரணமும் உண்டு. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. நெல் வயலே ஏரியாகிவிட்ட அந்த நாட்களில் கொல்லையில் கத்தரி வைத்திருந்தவர் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழையில் பூ நனைந்து அழுகும். மார்ச்சுக்குப் பிறகு வெயில் 35 டிகிரியைத் தாண்டும். மேலே ஒரு கூரை இருந்தால் தேவலை என்று தோன்றுவது இயல்பு.

கூரையும் வலையும் போட்ட பிறகுதான் பூவின் அமைப்பு என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வருகிறது.

கத்தரிப் பூவைக் கிள்ளிப் பாருங்கள். தலைகுனிந்து தொங்கும் அதன் நடுவில் மஞ்சள் நிற மகரந்தப் பைகள் கூம்பாகச் சேர்ந்து நிற்கும். பெரும்பாலான பூக்களில் இந்தப் பை நெடுகப் பிளந்து தூளை வெளியே காட்டும். கத்தரியில் அப்படி இல்லை. பையின் நுனியில் இரண்டு சிறு துளைகள் மட்டும். பவுடர் டப்பாவைப் போல, குலுக்கினால்தான் கொட்டும். இந்தப் பூவில் தேனும் கிடையாது. வருகிற வண்டுக்குக் கிடைப்பது மகரந்தம் ஒன்றுதான், அதையும் உழைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அந்த உழைப்பு வேடிக்கையானது. வண்டு பூவைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு, கூம்பைப் பல்லால் கவ்வி, இறக்கையை மடக்கி வைத்தபடியே பறப்பதற்கான தசையை மட்டும் அதிரவிடும். நொடிக்கு ஏறத்தாழ 200 முதல் 400 அதிர்வுகள். பக்கத்தில் நின்றால் ‘ங்ங்’ என்று ஒலி கேட்கும், பறக்கும்போது வருகிற ரீங்காரத்தைவிடக் கொஞ்சம் உச்சமாக. அந்த நடுக்கத்தில் துளைகள் வழியே தூள் வண்டின் வயிற்றில் கொட்டும், சூல்முடியிலும் ஒட்டும். உலகில் ஏறக்குறைய 20,000 தாவர இனங்கள் இப்படித் துளை வழியாகத்தான் மகரந்தத்தைத் தருகின்றன என்று கணக்கிடுகிறார்கள். நம் ஊர் சுண்டை, கண்டங்கத்தரி, மணத்தக்காளி எல்லாம் அந்தக் கூட்டம். வேலியோரத்து ஆவாரையும் அதில் சேர்த்தி.

இந்த அதிர்வு வித்தை எல்லாத் தேனீக்கும் வராது. பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீக்கு வராது. குடிலுக்குள் தேன்பெட்டி வைத்துப் பார்த்து, தேனீ கத்தரியைச் சீண்டவே இல்லை என்று குறைப்படுவதில் பொருளில்லை. தேனில்லாத, திறக்கத் தெரியாத பூவில் அதற்கு என்ன வேலை? டெல்டாவில் இதைச் செய்பவை கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீயும், வயிற்றில் நீல வரி போட்ட நீலப்பட்டைத் தேனீயும், இவற்றைவிடச் சிறிய சில காட்டுத் தேனீக்களும்தான். இவை கூட்டமாக வாழாதவை, பெட்டியில் அடங்காதவை. கருவண்டு காய்ந்த மூங்கிலையும் உத்தரத்தையும் துளைத்துக் குடியிருக்கும். நீலப்பட்டைத் தேனீ மண்சுவரிலும் கரையிலும் வளை தோண்டும். ஆற்றுப் படுகையில் மூங்கில் கொத்தும், ஊருக்குள் மண்சுவரும் இருந்த காலத்தில் இவற்றுக்கு வீட்டுப் பஞ்சம் இருந்ததில்லை.

கத்தரி தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளக்கூடிய செடி. வேறு செடியின் தூள் கட்டாயமில்லை. ஆகவே திறந்த வெளியில் வண்டு வராவிட்டாலும் காற்று கொஞ்சம் ஈடுகட்டும். பூம்புகாரில் மதியத்துக்கு மேல் ஏறும் கடற்காற்றில் செடி ஆடும், பூ ஆடும், கொஞ்சம் தூள் உதிர்ந்து சூல்முடியில் விழும். 40 கண்ணி வலை போட்ட குடிலில் அந்தக் காற்றும் அடங்கிவிடுகிறது. வண்டும் இல்லை, காற்றும் இல்லை.

கண்ணியைக் கொஞ்சம் பெரிதாக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். காய்ப்புழுவின் அந்துப்பூச்சியும் நீலப்பட்டைத் தேனீயும் ஏறத்தாழ ஒரே நீளம், ஒரு சென்டிமீட்டர் அளவு. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிக்கும் வலையை யாரும் நெய்ய முடியாது. நேரத்தில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு: அந்து இரவில் திரியும், தேனீ பகலில். அப்படியானால் காலையில் பக்கவலையைச் சுருட்டி, பொழுது சாய்வதற்குள் இறக்கிவிட்டால்? கணக்கு சரிதான். ஆனால் சிற்றிலை நோயைக் கொண்டுவரும் தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் பகலிலேயே புகுந்துவிடும். நோய் குறைவாக உள்ள ஊரில் செய்து பார்க்கலாம். மற்ற இடங்களில் வலை போட்ட பயனே போய்விடும்.

எல்லாப் பழியையும் வண்டு மேல் போடவும் கூடாது. கத்தரியில் நான்கு விதமான பூக்கள் உண்டு. சூல்தண்டு நீண்டு கூம்புக்கு வெளியே தலைநீட்டும் பூ, நடுத்தரப் பூ, பிறகு சூல்தண்டு உள்ளேயே அமுங்கிவிட்ட இரண்டு வகைக் குட்டைப் பூக்கள். கிருஷ்ணமூர்த்தி, சுப்பிரமணியம் என்ற இரு ஆய்வாளர்கள் 1954இல் இந்தியத் தோட்டக்கலை ஆய்விதழில் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். பாடநூல்கள் தரும் கணக்கின்படி நீண்ட தண்டுப் பூக்களில் நூற்றுக்கு 70க்கு மேல் காய் பிடிக்கும். நடுத்தரப் பூவில் 12 முதல் 55 வரை போகலாம். குட்டைப் பூவில் பிடிப்பதே இல்லை. பிரம்மாவே வந்து குலுக்கினாலும் அது உதிரத்தான் உதிரும்.

குட்டைப் பூ எத்தனை வரும் என்பது ரகத்தையும் செடியின் உடல்நிலையையும் பொறுத்தது. காய்ச் சுமை ஏறிக் களைத்த செடியிலும் வெளிச்சம் போதாத செடியிலும் அது கூடும். நிழல்வலை என்ற பெயரில் பாதி வெயிலை மறைக்கிற பச்சை வலையைக் கத்தரிக்கு மேல் விரிப்பவர்கள் இதைத்தான் விலைக்கு வாங்குகிறார்கள். கத்தரி வெயில் செடி. அதோடு யூரியாவும் கூடிப்போனால் இலை தழைக்கும், பூ வலுக்காது. வெப்பமும் ஈரமும் பூ உதிர்வதற்கு மற்ற இரண்டு காரணங்கள். 35 டிகிரிக்கு மேல் மகரந்தம் முளைக்கும் திறனை இழக்கத் தொடங்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் தூள் கட்டிபட்டுத் துளைக்குள்ளேயே தங்கிவிடும். கடலோரத்தில், காற்றோட்டம் குறைந்த குடிலில், இரண்டும் சேர்ந்தே வரும்.

ஐரோப்பியர் இதே சிக்கலைத் தக்காளியில் சந்தித்தார்கள். கண்ணாடிக் குடில்களில் ஆட்களை வைத்து, அதிரும் கருவியால் கொத்துக் கொத்தாகத் தொட்டுப் பூவைக் குலுக்கினார்கள். கூலி கட்டுபடியாகவில்லை. பெல்ஜியத்தில் ரோலண்ட் டி யோங்கே என்ற கால்நடை மருத்துவர், உடம்பெல்லாம் ரோமம் கொண்ட பம்பிள் தேனீயைக் குடிலுக்குள் விட்டால் வேலை முடிகிறது என்று கண்டு, 1987இல் அதை வளர்த்து விற்க ‘பயோபெஸ்ட்’ நிறுவனத்தைத் தொடங்கினார். 2004 வாக்கில் உலகில் ஆண்டுக்கு 10 லட்சம் கூடுகள் விற்பனையாயின. ஆனால் ஜப்பானுக்குப் போன பம்பிள் தேனீ குடிலைவிட்டுத் தப்பி, ஹொக்கைடோ தீவில் காட்டிலேயே கூடு கட்டிக்கொண்டது. 2006இல் அந்நாடு அதை ஊடுருவும் அயல் இனம் என்று அறிவித்துக் கட்டுப்பாடு போட்டது.

இந்தியாவில் இமயமலைப் பகுதியில் பம்பிள் தேனீக்கள் உண்டு. இமாச்சலப் பிரதேசம் நௌனியில் உள்ள பர்மார் தோட்டக்கலைப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒன்றைக் குடில் பயிர்களுக்காக வளர்த்துப் பார்த்திருக்கிறது. குளிர் மலைக்குப் பழகிய அந்தத் தேனீயை மயிலாடுதுறை மாவட்டத்து வெக்கைக்குக் கொண்டுவருவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நமக்குப் பொருந்துவது வேறு இரண்டு நாடுகளின் முயற்சி. பம்பிள் தேனீயை உள்ளே விடாத ஆஸ்திரேலியப் பெருநிலத்தில், அங்குள்ள நீலப்பட்டைத் தேனீயைக் குடில் தக்காளியில் விட்டு 2006இல் நல்ல பலன் கண்டார்கள். இஸ்ரேலில் தச்சுத் தேனீயைக் குடில் முலாம்பழத்தில் சோதித்தார்கள். இரண்டு இனங்களின் உறவுகளும் நம் வீட்டுக் கொல்லையில் இருக்கின்றன. உத்தரத்தைத் துளைக்கிறது என்று கருவண்டை விளக்குமாற்றால் அடித்துக்கொண்டிருக்கிறோம். கணுவை ஒட்டி வெட்டிய காய்ந்த மூங்கில் துண்டுகளைக் கட்டாகக் கட்டி, மழை படாத இடத்தில் தொங்கவிட்டால் அதற்குப் போதும்.

வண்டு வரும்வரை கை இருக்கிறது. பேட்டரியில் ஓடும் பல்துலக்கியின் முதுகைப் பூக்காம்பில் இரண்டு மூன்று நொடி வைத்தால் மஞ்சள் தூள் பறப்பது கண்ணுக்கே தெரியும். பனி காய்ந்த பிறகு, வெயில் உறைப்பதற்கு முன் செய்ய வேண்டும். கடலோரத்தில் காலை எட்டு முதல் பத்து மணிவரை என்று வைத்துக்கொள்ளலாம். பூ இரண்டு மூன்று நாள் விரிந்திருக்கும் என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மாடித் தோட்டத்தில் பத்துச் செடி வைத்திருப்பவருக்கு இதைவிட எளிய வேலை இல்லை. கால் ஏக்கர் குடிலில் பூப்பூவாகத் தொட முடியாது. அங்கே செடிகளைக் கட்டி மேலேற்றிய கயிற்றையோ கம்பியையோ வரிசை வரிசையாகத் தட்டிக்கொண்டு போகலாம். பல்துலக்கி அளவுக்கு வராது, சும்மா இருப்பதைவிட நிச்சயம் மேல்.

மருந்துக் கடைக்காரர் சொல்வது ஹார்மோன். நெல் வயலில் அகன்ற இலைக் களையைக் கொல்ல அடிக்கும் 2,4-டி, பத்து லட்சத்தில் இரண்டு பங்கு என்ற நுண்ணிய அளவில் கத்தரிப் பூவில் பட்டால் சூலை ஏமாற்றிக் காயாக்கிவிடும். முன்பு சொன்ன 1954 ஆய்விலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அளவு சற்றுக் கூடினால் இலை நூலாகச் சுருண்டு செடியே கெடும். பக்கத்து வயலில் நெல்லுக்கு அடித்த சாரல் காற்றில் வந்தே கத்தரி கருகிப்போவதும் டெல்டாவில் நடப்பதுதான். களைக்கொல்லி தெளித்த அதே கைத்தெளிப்பானைக் கத்தரிக் குடிலுக்குள் கொண்டுபோகவே கூடாது.

மகரந்தமே தேவைப்படாத கத்தரியும் வந்துவிட்டது. இத்தாலிய ஆய்வாளர்கள் 1997இல் மரபணு மாற்றத்தால் விதையில்லாமல் காய்க்கும் செடியை உருவாக்கிக் காட்டினார்கள். ஜப்பானியர் மரபணுவை ஏற்றாமல், இயற்கையாகத் தோன்றிய மாற்றத்தைப் பயன்படுத்தி அதே இடத்துக்கு வந்தார்கள். ‘பேட்-1’ என்ற மரபணு வேலை செய்யாமல் போனால் சூலில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் தானாகவே பெருகிக் காய் உருவாகிறது என்று 2020இல் விளக்கினார்கள். நம் கொத்சுக்கும் எண்ணெய்க் கத்தரிக்கும் ஏற்ற ரகங்களில் அந்தக் குணம் வந்து சேர்ந்தால் பூச்சி வலைக் குடிலின் பாதிக் கவலை தீரும்.

இன்றைய நிலையில், காவிரிக் கடைமடையில் கத்தரிக்குப் பாலிதீன் குடில் தேவையில்லை. கத்தரி விற்கிற விலைக்கு அந்தச் செலவு திரும்பாது, உள்ளே ஏறும் வெப்பம் பூவையும் கெடுக்கும். நல்ல உயரத்தில் நான்கு பக்கமும் பூச்சி வலை, மேலே வெயிலை மறைக்காத வெள்ளை வலை, அளவான தழைச்சத்து, காலையில் ஒரு குலுக்கு. இவ்வளவு போதும். நிழல்வலைக் குடிலுக்கும் பசுமைக் குடிலுக்கும் அரசு பாதிச் செலவை மானியமாகத் தருகிறது. விண்ணப்பிக்கப் போகிறவர்கள் தோட்டக்கலை அலுவலரிடம் கம்பியின் பருமனையும் கண்ணியின் அளவையும் விசாரிக்கும்போதே, மகரந்தச் சேர்க்கைக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.