ஒற்றை மேற்கோள் குறி செய்யும் வேலை

கோடும் கணக்கும் – 11

அட்டவணைகளை எப்படிப் பிரித்து வைப்பது என்று சென்ற வாரம் பார்த்தோம். அப்படிப் பிரித்து வைத்ததை நம் புரோகிராம் எப்படிக் கேட்டு வாங்குகிறது என்பது இந்த வாரம். பயனர் திரையில் ஒரு பெயரைத் தட்டுகிறார். அது ஒரு வேரியபிளில் வந்து சேருகிறது. அந்த வேரியபிளை, டேட்டாபேஸிடம் கேட்கும் கட்டளையான குவெரிக்குள் எப்படிக் கொண்டு போவது? கேட்கச் சின்னக் கேள்விதான். ஆனால் இதற்குத் தப்பான விடை எழுதி வைத்ததால், உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்களின் விவரங்கள் களவு போயிருக்கின்றன.

புதிதாகக் கற்றுக்கொள்பவர் முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

"செலக்ட் * ஃப்ரம் வாடிக்கையாளர் வேர் பெயர் = '" + பெயர் + "'"

மூன்று துண்டுகளைக் கூட்டல் குறி போட்டு ஒட்டியாகிவிட்டது. செல்வி என்று தட்டினால் செல்வியின் விவரம் வரும்; முருகன் என்று தட்டினால் முருகனுடையது வரும். சோதித்துப் பார்த்தவருக்கும் திருப்தி. பிறகு ஒருநாள் தூத்துக்குடியிலிருந்து டி'குரூஸ் என்ற ஒருவர் தன் பெயரைத் தட்டுகிறார். திரையில் பிழைச் செய்தி வருகிறது. பெயரின் நடுவே இருக்கும் குறி, நாம் திறந்த மேற்கோளை 'டி' என்ற எழுத்தோடு மூடிவிட்டது. மிச்சமிருக்கும் 'குரூஸ்' என்பதை டேட்டாபேஸ் கட்டளையாகப் படித்துப் பார்த்து, புரியாமல் நின்றுவிடுகிறது.

இந்த இடத்தில் பலர் அந்தப் பெயரைத்தான் குறை சொல்கிறார்கள். பெயரில் அந்தக் குறி வரக் கூடாது என்று ஒரு தடையும் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இது சம்மதமே இல்லை. அப்பா அம்மா வைத்த பெயரை உள்ளபடி எழுத ஒருவருக்கு உரிமை உண்டு. அதைத் தாங்காத கோடுதான் மாற வேண்டும்.

அதே பெட்டியில் இன்னொருவர் இப்படித் தட்டுகிறார் என்று வையுங்கள்: அ' ஆர் '1'='1

ஒட்டி முடித்ததும் குவெரியின் கடைசிப் பகுதி இப்படி ஆகிவிடும்: வேர் பெயர் = 'அ' ஆர் '1'='1'. ஒன்றும் ஒன்றும் சமம் என்பது எல்லா வரிசைக்கும் உண்மை. ஆகவே வாடிக்கையாளர் அத்தனை பேருடைய விவரமும் வந்து கொட்டும். டேட்டாபேஸைக் குற்றம் சொல்ல முடியாது. அதன் கைக்குப் போனது ஒட்டி முடித்த ஒரே ஸ்ட்ரிங். அதில் எந்த எழுத்து நீங்கள் எழுதியது, எந்த எழுத்து வெளியாள் தட்டியது என்று அதற்குத் தெரிய வழியே இல்லை.

இதற்குத்தான் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்று பெயர். ஜெஃப் ஃபாரிஸ்டல் என்பவர் 1998 டிசம்பரிலேயே ஃப்ராக் இதழில் இதை விளக்கி எழுதிவிட்டார். 17 ஆண்டுகள் கழித்து, 2015 அக்டோபரில், பிரிட்டனின் டாக்டாக் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தில் இதே வழியாகப் புகுந்தார்கள். 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் போயின; அவர்களில் 15,656 பேருடைய வங்கிக் கணக்கு எண்களும் சேர்ந்து போயின. 2009-இல் டிஸ்காலி நிறுவனத்தின் பிரிட்டன் கிளையை வாங்கியபோது கூடவே வந்த மூன்று பழைய வலைப்பக்கங்கள்தான் வாசல். அந்தப் பக்கங்கள் இன்னும் உயிரோடு இருப்பதே நிறுவனத்துக்குத் தெரியாது. அதே ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் இதே வகைத் தாக்குதல் நடந்திருந்தும் யாரும் கவனிக்கவில்லை. மறு ஆண்டு அந்நாட்டின் தகவல் ஆணையர் அலுவலகம் 4 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. வங்கிக் கணக்கு விவரம் அந்நியர் கைக்குப் போய்விட்டதே என்று தவித்த குடும்பங்களுக்கு அந்த அபராதத்தால் என்ன ஆறுதல்?

சரி, வழி என்ன? குறிகளைத் தேடிப் பிடித்து முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போடுவது பழைய வழி. பிஎச்பி மொழி 'மேஜிக் கோட்ஸ்' என்ற பெயரில் இதைத் தானாகவே செய்து பார்த்தது. டேட்டாபேஸ் முழுக்க டி\'குரூஸ் என்று பெயர்கள் சேர்ந்ததுதான் மிச்சம். 2012-இல் வந்த 5.4 பதிப்பில் அதைத் தூக்கியே விட்டார்கள். எண் வர வேண்டிய இடத்தில் இந்த வித்தை பலிக்காது என்பதையும் பாருங்கள். 'வேர் எண் = ' என்பதோடு வேரியபிளை ஒட்டுகிறீர்கள்; ஒருவர் 5 ஆர் 1=1 என்று தட்டுகிறார். அதில் மேற்கோள் குறியே இல்லை. எதைப் பிடித்து வடிகட்டுவீர்கள்?

ஒட்டுவதையே விட்டுவிடுவதுதான் சரியான வழி. மதிப்பு வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போடுங்கள்:

"செலக்ட் * ஃப்ரம் வாடிக்கையாளர் வேர் பெயர் = ?"

இதைத்தான் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் என்கிறோம். இந்த வரி முதலில் தனியாக டேட்டாபேஸுக்குப் போகிறது. எது கட்டளை, எந்த அட்டவணை, எந்த நிபந்தனை என்று அது அப்போதே படித்து முடித்துவிடுகிறது. பெயர் அதற்குப் பிறகு தனி வழியில் போகிறது. அதற்குள் மேற்கோள் குறி இருந்தாலும், அட்டவணையையே அழிக்கும் கட்டளை இருந்தாலும், அது வெறும் பெயர்தான்; அப்படி ஒரு பெயருள்ளவர் யாருமில்லை என்று டேட்டாபேஸ் சொல்லிவிடும். டி'குரூஸும் தன் பெயரைத் தாராளமாகத் தட்டலாம்.

வேகத்திலும் லாபம் உண்டு. ஆரக்கிள் போன்ற டேட்டாபேஸ்கள் ஒருமுறை படித்த குவெரியை நினைவில் வைத்துக்கொள்ளும். பெயரை ஒட்டி அனுப்பினால் ஒவ்வொரு பெயருக்கும் அது புதுக் குவெரி. கேள்விக்குறி போட்டால் ஆயிரம் பெயருக்கும் ஒரே குவெரி.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஜாவாவில் 1997 முதலே இருக்கிறது. ஆனாலும் 2023-இல் மூவ்இட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் இதே ஓட்டை. மறு ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஸாவும் எஃப்பிஐயும் சேர்ந்து மென்பொருள் நிறுவனங்களுக்கு எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. ஒட்டும் முறையை முதல் பாடமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பாதுகாப்பைக் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளும் பாடப்புத்தகங்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். கடைசி அத்தியாயம் வரை எத்தனை பேர் போகிறார்கள்?

கேள்விக்குறி நுழைய முடியாத இடங்களும் உண்டு. மதிப்புகளுக்கு மட்டும்தான் அது செல்லும். அட்டவணைப் பெயருக்கும், எந்தப் பத்தியை வைத்து வரிசைப்படுத்துவது என்பதற்கும் செல்லாது. ஏனென்றால் அவை தெரியாமல் டேட்டாபேஸால் குவெரியைப் படித்து முடிக்கவே முடியாது. 'விலைப்படி', 'தேதிப்படி' என்று பயனரைத் தேர்ந்தெடுக்க விடும் பக்கங்களில், அனுமதித்த பத்திகளின் பட்டியலைக் கோடிலேயே வைத்துக்கொண்டு, வந்த சொல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் பட்டியலில் உள்ள பெயரைக் குவெரியில் சேருங்கள். இல்லாவிட்டால் வழக்கமான வரிசையைக் கொடுங்கள்.

டேட்டாபேஸிலிருந்தே எடுத்த மதிப்பு என்றாலும் கேள்விக்குறி வழியாகவே அனுப்புங்கள். அதை என்றோ ஒருநாள் அங்கே தட்டி வைத்ததும் ஒரு வெளியாள்தான்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒரே வரிசையை மாற்ற வந்தால் என்ன நடக்கும்? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)