காட்சிக்கு வைக்கும் கல்வி

சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர் பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்து, தமிழக அரசின் தொல்லியல் துறை 1985ஆம் ஆண்டில் நிறுவிய தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. கலைப்பொருள்களைத் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி, பொதுஜனங்கள் பார்த்து அறியும்படி வைக்கும் வித்தையைச் சர்வகலாசாலை மாணவர்களுக்குக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், முதல் வகுப்பை இந்த ஊரில் வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஏனெனில் இங்கே பேழைகளில் இருப்பவை பெரும்பாலும் கற்கள். பொன்னுக்கும் வெண்கலத்துக்கும் பார்ப்பவரைத் தாமே இழுத்து நிறுத்தும் வசீகரம் உண்டு. கல்லுக்கு அது கிடையாது. பழகாத கண்ணுக்கு, பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரியும் ஓடைக்கரையில் உருண்டு கிடக்கும் கல்லும் ஒன்றே. ஆதிமனிதன் ஒரு கல்லால் மற்றொன்றைத் தட்டிச் சில்லு சில்லாகப் பெயர்த்தெடுத்த வடுக்கள், விளக்கை நேர் எதிரே வைத்தால் மங்கிவிடும். அதே விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் சாய்த்தால், ஒவ்வொரு வடுவின் விளிம்பும் நிழல் பெற்றுத் தெளிவாக எழுந்து நிற்கும். இதைத் தன் கையாலேயே செய்து பார்த்த மாணவனுக்கு, கண்காட்சி என்பது அலங்காரமன்று, ஒரு பொருளைப் பற்றிய வாதம் என்பது பிரத்தியட்சமாக விளங்கிவிடும்.

விளக்குக்கு அடுத்தது விளக்கக் குறிப்பு. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்த நிலவியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட், அதே ஆண்டில் வில்லியம் கிங்குடன் கொசஸ்தலையாற்றுப் பிரதேசத்துக்கு வந்து அத்திரம்பாக்கத்தையும் அறிந்தார். அன்று அவர் இக்கருவிகளின் வயதை எண்ணால் சொல்லக்கூடிய நிலையில் இல்லை. தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவருடைய சகாக்களும் பல்லாண்டுகள் அகழ்ந்து ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு, அங்குள்ள மிகப் பழைய கைக்கோடரிகளின் காலத்தைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்குப் பின்னே தள்ளியது; 2018இல் வெளியான இன்னொரு முடிவோ, வேறு வகைக் கருவி நுட்பம் அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தலைகாட்டியதைக் கூறியது. ஆகவே பேழையின் அருகே ஒட்டும் அட்டை கல்வெட்டன்று. அறிவு மாறும்போது அதுவும் மாறவேண்டும் என்ற அடக்கமும், 15 லட்சம் என்ற எண்ணை ஆறாம் வகுப்புப் பிள்ளையின் மனத்தில் எப்படிப் பதியவைப்பது என்ற கவலையும் மாணவருக்கு ஒருங்கே வரவேண்டும். ஃபுட் தம் வாழ்நாள் சேகரத்தை 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். அவர் காலமானபின் 1914இலும் 1916இலும் அச்சேறிய அதன் அட்டவணைத் தொகுதிகளை நான் சிரத்தையோடு சிபாரிசு செய்வேன். கிடைத்த இடம் தெரியாத பொருள் பாதி ஊமை என்பதை அவற்றைப் போல் உணர்த்தும் நூல்கள் சிலவே.

பூண்டிக் கருவிகள் தாம் பிறந்த மண்ணுக்கு அருகிலேயே தங்கிவிட்டன. இதே திருவள்ளூர் ஜில்லாவின் இன்னொரு பொருளுக்கு நேர்ந்த கதி வேறு. நடராஜரின் ஐந்து சபைகளில் இரத்தின சபையாகிய திருவாலங்காட்டைச் சேர்ந்த சோழர் காலத்து நடராஜ விக்கிரகம் இன்று எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரொதேன் அதை நேரில் கண்டவரல்லர். புகைப்படங்களைப் பார்த்தே 1913இல் அவர் எழுதிய பரவசமான கட்டுரை 1921இல் அச்சாகி, அந்த விக்கிரகத்தை உலகப் பிரசித்தமாக்கியது. கையின் வளைவையும், தசையின் ஏற்ற இறக்கத்தையும், ஒளி வழுகி ஓடும் உலோகப் பரப்பையும் அவர் கண்டார். ஆனால் உற்சவத்துக்கென்று வார்க்கப்பட்ட மூர்த்தியைப் பட்டும் மாலையும் ஆபரணமுமாக, தீபாராதனையின் அசைகின்ற ஒளியில், தோளில் சுமந்து வரும் கூட்டத்தின் நடுவே காணும் பக்தனுக்கு அந்த வளைவுகளில் பெரும்பகுதி கண்ணில் படுவதே இல்லை. அவன் காண்பது முகத்தையும் தூக்கிய திருவடியையும்.

இவ்விரண்டு காட்சிகளில் எது மெய்யானது என்று கேட்பது வீண். இரண்டும் மெய். மாணவனை அந்த விக்கிரகத்தின் முன் நிறுத்தி, நீ இதை எப்படி வைப்பாய், பீடத்தின் உயரம் என்ன, சுற்றி வர இடம் விடுவாயா, பக்கத்தில் வேறொரு நடராஜரை வைப்பாயா அல்லது தனியே விடுவாயா, திருவாலங்காட்டுக்காரர் ஒருவர் வந்து கைகூப்பி நின்றால் காவலாளிக்கு என்ன சொல்லி வைத்திருப்பாய் என்று கேட்கவேண்டும். கடைசிக் கேள்விக்கு விடை சொல்லத் தடுமாறும் மாணவனே நல்ல காப்பாட்சியனாக வருவான் என்பது என் அபிப்பிராயம்.

இந்த வித்தையை முறையாகப் பயிற்றும் துறை நம் நாட்டில் 1952இலேயே பரோடா சர்வகலாசாலையில் தோன்றிவிட்டது. நம் சென்னையிலோ, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளி இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாகத் தழைத்து, பல தலைமுறை ஓவியர்களையும் சிற்பிகளையும் உருவாக்கியிருக்கிறது. எனினும் அங்கே முதன்மை பெற்றது ஆக்கும் தொழிலே. கொச்சியின் கலைக் கண்காட்சியான பினாலேயின் அங்கமாக 2014இல் ஆரம்பமான மாணவர் பினாலே, இளம் காப்பாட்சியர்களைப் பல மாநிலங்களின் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு அனுப்பி, அங்குள்ள மாணவர்களோடு கூடி உழைத்துக் கண்காட்சி அமைக்கச் செய்தது. பாடப்புத்தகத்தால் வராத பல காரியங்கள் அத்தகைய உழைப்பில்தான் வரும்: இரவல் வாங்கிய பொருளின் கீறலையும் கறையையும் வந்த அன்றே குறித்துக்கொள்வது, அறையை அட்டையில் சிறு மாதிரியாகச் செய்து பார்வையாளர் நடக்கும் வழியை ஆராய்வது, துணிக்கும் நீர்வண்ண ஓவியத்துக்கும் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் படாமல் காப்பது, படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 150 சென்டிமீட்டரில் அமைய ஆணியடிப்பது, எழுதிய குறிப்பை விஷயம் அறியாத ஒருவரிடம் படித்துக்காட்டி அவர் விழித்த இடத்தைத் திருத்துவது.

இறுதிப் பரீட்சையை இதே திருவள்ளூர் ஜில்லாவின் கும்மிடிப்பூண்டியில் வைக்கவேண்டும். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பு உலைக்குப் போய்க் கட்டடக் கம்பியாக வெளிவருகிறது. அந்த உலையருகே நிற்பவர்களில் பலர் வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள். இவர்களுடைய வாழ்வைக் குறித்து மாணவர்கள் ஒரு கண்காட்சி அமைக்கட்டும். தீய்ந்த கையுறையைப் பேழையில் வைத்து அழகு பார்ப்பது சுலபம். ஆனால் அந்தக் கையுறை யாருடையது, காட்சிக்கு வைக்க அவர் மனமார ஒப்பினாரா, தம் பெயர் அதில் இருக்கவேண்டும் என்று விரும்பினாரா, பெயர் வெளிப்பட்டால் வேலைக்கு இடையூறு வருமா என்பவற்றையெல்லாம் முதலில் கேட்டறியவேண்டும். சென்னையில் குளிரூட்டிய மண்டபத்தில் வைத்தால் பத்திரிகைகள் எழுதும். ஆயினும் அந்தத் தொழிலாளி வந்து பார்ப்பதற்கு ரயில் நிலையத்தருகே ஒரு கொட்டகைதான் ஏற்றது. அதுவும் ஷிப்ட் முடிந்து வருகிறவருக்காக இரவு 10 மணிவரை திறந்திருக்கவேண்டும். குறிப்புகள் தமிழில் மட்டும் இருந்தால் போதாது. ஹிந்தியிலும், வந்து வேலை செய்கிறவர்கள் பேசும் மற்ற பாஷைகளிலும் வேண்டும். அவற்றை எழுதுவதற்கு அந்தந்தப் பாஷைக்காரரையே அழைத்து உட்காரவைத்து, அவர் சொல்லும் திருத்தங்களை மாணவர்கள் ஏற்றுக்கொள்ளவேண்டும்.